மனச்சிதைவு: சிகிச்சை தொடங்கிய பிறகு வீட்டில் என்ன செய்வது?

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு மருந்துச் சீட்டும் அடுத்து வர வேண்டிய தேதியும் கையில் கிடைக்கும். இடையில் கிடக்கும் நாட்களை எப்படி ஓட்டுவது என்று அந்தச் சீட்டில் இருக்காது. ஸ்கிசோஃப்ரினியா என்று டாக்டர்கள் சொல்லும் மனச்சிதைவு நோய் தன் வீட்டில் ஒருவருக்கு இருக்கிறது என்று இப்போதுதான் தெரிந்துகொண்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். நோயின் முழு வரலாறு இதில் வராது. நாளை காலை என்ன செய்யலாம், அடுத்த ஆறு மாதத்தில் எதை எதிர்பார்க்கலாம் என்ற அளவில் மட்டும்.

யாரால் வந்தது என்ற விசாரணையை மூடுங்கள்

முதல் சில வாரங்கள் வீட்டுக்குள் ஒரு விசாரணை நடக்கும். நீ திட்டியதால்தான், நீ செல்லம் கொடுத்ததால்தான், பரீட்சையில் தோற்றதால்தான், யாரோ ஏமாற்றியதால்தான். மருத்துவத் துறையே ஒரு காலத்தில் இதற்குத் துணைபோனது. 1948இல் ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மன் என்ற மனநல மருத்துவர் தாயின் நடத்தையை இந்த நோயோடு முடிச்சுப் போட்டு எழுதினார். அதன்பின் பல ஆண்டுகள் எத்தனையோ தாய்மார்கள் தலைகுனிந்து டாக்டர் முன்னால் உட்கார வேண்டியிருந்தது. அந்தக் கருத்து பிறகு வந்த ஆய்வுகளில் நிற்கவில்லை.

மரபணுவுக்குப் பெரிய பங்கு உண்டு, முழுப் பங்கும் அதற்கில்லை. ஒரே மாதிரி இருக்கும் இரட்டையரில் ஒருவருக்கு இந்த நோய் இருந்தால் மற்றவருக்கும் வரும் வாய்ப்பு பாதியோ அதற்கும் குறைவோதான். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு சுமார் 10 சதவீதம். இளவயதில் கஞ்சா அதிகம் புகைப்பது ஆபத்தைக் கூட்டுகிறது. உலகில் ஏறத்தாழ 300 பேரில் ஒருவர் இந்த நோயோடு வாழ்கிறார். பெரும்பாலும் பதின்பருவத்தின் கடைசியிலோ இருபதுகளிலோ தொடங்குகிறது, பெண்களுக்குச் சற்றுத் தாமதமாக. அதாவது, பிள்ளையைப் பற்றிய எதிர்பார்ப்பு உச்சத்தில் இருக்கும் வயதில். பழி தேடும் வேகம் அதனால்தான் இவ்வளவு அதிகம் என்று எனக்குத் தோன்றும்.

எது நோய், எது குணம்

இந்த நோய் சிலவற்றைப் புதிதாகக் கொண்டுவருகிறது. யாரும் பேசாதபோது குரல் கேட்பது, பின்தொடர்கிறார்கள் என்ற சந்தேகம், தொலைக்காட்சி தன்னைப் பற்றியே பேசுகிறது என்ற உறுதி. இவை கண்ணுக்குத் தெரியும்; குடும்பம் இவற்றை நோய் என்று ஒத்துக்கொள்ளும்.

அதே நோய் சிலவற்றை எடுத்துக்கொண்டும் போகிறது. எதையும் தொடங்கும் உந்துதல், முகத்தில் உணர்ச்சி, பேச்சு, குளிக்க வேண்டும் என்ற எண்ணம், பழைய நண்பர்களைப் பார்க்கும் ஆசை. மறதியும் கவனச் சிதறலும் சேர்ந்துகொள்ளும். மாத்திரை முதல் வகையில் நன்றாக வேலை செய்கிறது, இரண்டாம் வகையில் அவ்வளவாக இல்லை. குரல் அடங்கிவிட்டது, ஆனால் மகன் பகல் முழுக்கப் படுத்தே கிடக்கிறான் என்றால், வீட்டார் உடனே சொல்வது "இப்போ நல்லாத்தானே இருக்கான், சோம்பேறித்தனம்" என்று. வீட்டுச் சண்டைகளில் பெரும்பங்கு இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. கொஞ்சம் மருந்தின் மந்தம் இருக்கலாம், கொஞ்சம் மனச்சோர்வு இருக்கலாம், பெரும்பாலும் நோயே. எது எவ்வளவு என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். மந்தம் மருந்தால் என்றால் அளவையோ நேரத்தையோ மாற்றிப் பார்க்க வழி உண்டு.

வீட்டின் சூட்டைத் தணியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

1950களில் லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளரும் அவருடன் இருந்தவர்களும் மருத்துவமனையிலிருந்து வெளியே போனவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். பெற்றோரிடமோ துணைவரிடமோ திரும்பியவர்களைவிட, உடன்பிறந்தவர்களோடோ வாடகை அறையிலோ தங்கியவர்கள் நோய் திரும்பாமல் நன்றாக இருந்தார்கள். அன்பு அதிகம் இருக்கும் இடத்தில்தானே நன்றாக இருக்க வேண்டும்? தோண்டிப் பார்த்தபோது வீட்டுப் பேச்சில் மூன்று விஷயங்கள் தட்டுப்பட்டன: ஓயாத குறை, வெறுப்பு, அளவுக்கு மீறிய பதற்றமும் பாதுகாப்பும். 1976இல் வான், லெஃப் இருவரும் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய வீட்டில் வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கு மேல் முகத்துக்கு முகம் இருப்பவர்களுக்கும் மருந்து எடுக்காதவர்களுக்கும் நோய் திரும்புவது மிக அதிகம் என்று தெரிந்தது. பிறகு பல நாடுகளில் இதே பாங்கு கிடைத்தது.

இதைப் பழைய பழியின் புது வடிவமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்தச் சூடு நோயை உண்டாக்குவதில்லை. தூக்கமில்லாமல், பயத்தில், மாதக்கணக்கில் ஓடிக் களைத்தவர்கள்தான் குறை சொல்லத் தொடங்குகிறார்கள். ஆனால் சூடு குறைந்தால் நோய் திரும்புவது குறைகிறது என்பதும் உண்மை. குடும்பத்துக்குச் சொல்லித் தரும் சிகிச்சை முறைகள் எல்லாம் இதன்மேல்தான் கட்டப்பட்டன. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு, 3 மாதத்திலிருந்து ஓராண்டுக்குள் குறைந்தது 10 அமர்வுகளாவது குடும்பத்தோடு நடத்தச் சொல்கிறது. உங்கள் டாக்டரிடம் "குடும்பத்துக்கான பயிற்சி இருக்கிறதா?" என்று கேட்டுவிடுங்கள். கேட்காமல் பல இடங்களில் தருவதில்லை.

கையோடு செய்யக்கூடியவை சில. ஒரு நேரத்தில் ஒரு விஷயம் மட்டும் பேசுங்கள். "குளிச்சியா, சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, அறையைப் பாரு எப்படிக் கிடக்குன்னு" என்று நான்கை ஒரே மூச்சில் சொன்னால் நான்கும் காதில் ஏறாது, எரிச்சல் மட்டும் ஏறும். வாக்கியம் சின்னதாக இருக்கட்டும். பதிலுக்கு நேரம் கொடுங்கள். அந்த மௌனம் அலட்சியம் என்று முடிவு கட்ட வேண்டாம், யோசித்து முடிக்க அவருக்குக் கூடுதல் நேரம் பிடிக்கிறது. குறை சொல்லத்தான் வேண்டும் என்றால் ஆளைச் சொல்லாமல் செயலைச் சொல்லுங்கள்: "ராத்திரி ரெண்டு மணிக்குப் பாட்டு சத்தமா இருந்தா எனக்குத் தூக்கம் போயிடுது, பதினோரு மணிக்கு மேல காதுல மாட்டிக்கிறியா?" நல்லது நடந்தால் அதையும் இதே அளவுக்குத் துல்லியமாகச் சொல்லுங்கள். "பரவாயில்லையே" என்பது பாராட்டில் சேர்த்தி இல்லை.

கதவைச் சாத்திக்கொண்டு தனியாக இருக்க அவருக்கு உரிமை வேண்டும். வீடு நிறைய ஆட்கள் வரும் நாளில் அவர் உள்ளே போய்விட்டால் இழுத்து வந்து உட்கார வைக்காதீர்கள். நீங்களும் தினமும் சில மணி நேரம் வேறு எங்காவது இருக்கப் பாருங்கள். அந்த 35 மணி நேரக் கணக்கு உங்களுக்கும் சேர்த்துத்தான்.

மூன்றாவது விஷயமான அதீதப் பாதுகாப்பைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது பாசம் போலவே இருக்கும். 28 வயது ஆளுக்குத் தட்டில் போட்டு ஊட்டாத குறையாகக் கொடுப்பது, அவருக்கு வரும் போனை நாம் எடுப்பது, டாக்டர் அவரைக் கேட்கும் கேள்விக்கு நாம் பதில் சொல்வது. நோயின் உச்சத்தில் இதெல்லாம் தேவைப்பட்டிருக்கும். உச்சம் தணிந்த பிறகும் தொடர்ந்தால், அவர் தானாகச் செய்யக் கூடியதும் கைவிட்டுப் போகும்.

குரல் கேட்கிறது என்று சொல்லும்போது

வாதாட வேண்டாம், ஒத்துக்கொள்ளவும் வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது.

"பக்கத்து வீட்டுக்காரங்க என்னைக் கொல்ல பிளான் பண்றாங்க" என்று தம்பி சொல்கிறார். "லூசு மாதிரி பேசாதே" என்றால் அவர் அடுத்த முறை உங்களிடம் சொல்லமாட்டார். "ஆமாம்டா, நான் போய்க் கேக்கறேன்" என்றால் நம்பிக்கை இன்னும் இறுகும். "அப்படித் தோணினா எவ்வளவு பயமா இருக்கும்! எனக்கு அப்படித் தெரியலை. ஆனா நீ பயந்து போயிருக்கேன்னு தெரியுது. இப்போ என்ன செஞ்சா கொஞ்சம் நிம்மதியா இருக்கும்?" என்று கேட்கலாம். நீங்கள் அவருடைய உணர்ச்சியோடு நிற்கிறீர்கள், கதையோடு நிற்கவில்லை. ஜன்னலை மூடுவது, விளக்கைப் போடுவது, கூட உட்கார்வது எல்லாம் செய்யலாம். சிலருக்கு இயர்போனில் பாட்டு கேட்டால், முணுமுணுத்து எண்ணினால், குரலின் பிடி தளர்கிறது. அவரவர்க்கு எது உதவுகிறது என்று அவரையே கேளுங்கள்.

தனக்கு நோயே இல்லை என்று பலர் சொல்வார்கள். வேண்டுமென்றே மறுக்கிறார் என்று கோபப்பட வேண்டாம், தன் நோயைத் தானே உணர முடியாமல் போவது இந்த நோயின் ஒரு கூறு. ஆதாரம் அடுக்கினால் அது மாறாது. இருவருக்கும் பொதுவான ஒன்றைப் பிடியுங்கள். "உனக்கு நோய்" என்பதில் உடன்பாடு வராது. "தூக்கம் சரியா இல்லை, அதுக்கு டாக்டரைப் பார்க்கலாம்" என்பதில் வரலாம். அங்கிருந்து தொடங்குவது ஏமாற்று வேலை கிடையாது, தூக்கம் உண்மையிலேயே கெட்டுத்தான் இருக்கிறது. அதே நேரம், உணவில் மாத்திரையைக் கலந்து கொடுப்பது என்ற யோசனை வீட்டில் யாருக்காவது வந்தால் தடுத்துவிடுங்கள். தட்டில் விஷம் இருக்கிறது என்று சந்தேகப்படும் ஒருவர், அதில் ஏதோ கலந்திருப்பதைக் கண்டுபிடித்தால் பிறகு மீட்க ஒன்றும் மிஞ்சாது.

மருந்து

தூக்கமும் பதற்றமும் சில நாட்களிலேயே மாறும். குரலும் சந்தேகமும் அடங்க வாரங்கள் ஆகும். ஆகவே ஒரு வாரத்தில் "இது வேலை செய்யலை" என்று நிறுத்த வேண்டாம். முதல் முறை குணமானவர்களை ஐந்தாண்டு தொடர்ந்து கவனித்து 1999இல் வெளியான ஒரு ஆய்வில், மருந்தை நிறுத்தியவர்களுக்கு நோய் திரும்பும் ஆபத்து ஏறக்குறைய ஐந்து மடங்கு இருந்தது. நன்றாக இருக்கிறார், எதற்கு இன்னும் மாத்திரை என்று சொல்லும் உறவினர்கள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. நிறுத்துவதோ குறைப்பதோ டாக்டரோடு பேசி, மெதுவாக நடக்க வேண்டிய காரியம்.

அவர் மாத்திரையை வெறுப்பதற்குக் காரணம் இருக்கலாம், அதைக் கேளுங்கள். உட்கார முடியாமல் காலை ஆட்டிக்கொண்டே இருக்கும் தவிப்பு, கை நடுக்கம், உடல் இறுக்கம், எடை கூடுவது, ஆண்மை அல்லது மாதவிடாய்ப் பிரச்சினை. கடைசியாகச் சொன்னதை அவர் அம்மாவிடம் சொல்லமாட்டார். டாக்டரிடம் தனியாகப் பேச நேரம் கொடுங்கள். பெரும்பாலானவற்றுக்கு மாற்று உண்டு. தினமும் மறந்துபோகிறது என்றால் இரண்டு வாரம், ஒரு மாதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசிகள் இருக்கின்றன. "மாத்திரை போட்டியா?" என்ற தினசரிக் கேள்வியே வீட்டிலிருந்து மறைந்துவிடுவது அந்த ஊசியின் பெரிய லாபம் என்பேன். இரண்டு மருந்துகளைச் சரியான அளவில், போதுமான காலம் கொடுத்தும் பலனில்லை என்றால் க்ளோசபின் பற்றிக் கேளுங்கள். அதற்கு ஒழுங்காக ரத்தப் பரிசோதனை தேவை. அதை எடுப்பவருக்குக் காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தாலும், மலச்சிக்கல் கடுமையானாலும் காத்திருக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். சிகரெட்டைத் திடீரென்று விட்டால் ரத்தத்தில் அந்த மருந்தின் அளவு ஏறும், அதையும் முன்கூட்டியே சொல்லுங்கள். எந்த மனநோய் மருந்திலும் அதிகக் காய்ச்சல், உடல் விறைப்பு, குழப்பம் மூன்றும் சேர்ந்து வந்தால் உடனே அவசர சிகிச்சை.

எடை, சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம் ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். இந்த நோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாக இறக்கிறார்கள். இதய நோய் போன்ற உடல் நோய்கள் அதில் பெரும் காரணம். நெஞ்சு வலி என்று சொன்னால் "அது மனசுல" என்று தள்ளிவிடாதீர்கள். சில டாக்டர்களே தள்ளிவிடுவார்கள், அங்கே நீங்கள்தான் விடாப்பிடியாக நிற்க வேண்டும்.

திரும்பி வருவதற்கு முன் தெரியும் அறிகுறிகள்

நோய் பெரும்பாலும் ஒரே இரவில் திரும்புவதில்லை. நாட்களோ வாரங்களோ முன்பே ஏதோ மாறும்: தூக்கம் குறையும், அறையை விட்டு வரமாட்டார், சின்ன சத்தத்துக்குத் திடுக்கிடுவார், சாப்பாட்டைத் தவிர்ப்பார். ஆளுக்கு ஆள் வேறு, ஆனால் ஒரே ஆளுக்கு ஏறக்குறைய அதே வரிசை திரும்ப வரும். அவர் நன்றாக இருக்கும் ஒரு நாளில் சேர்ந்து உட்கார்ந்து, போன முறை முதலில் என்ன மாறியது என்று எழுதுங்கள். அவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள். அதன் கீழே, இவை தெரிந்தால் யாரைக் கூப்பிடுவது, எந்த மருத்துவமனைக்குப் போக அவருக்கு விருப்பம், யார் கூட வந்தால் சரி, எந்த மருந்து முன்பு ஒத்துக்கொள்ளவில்லை என்பதும் வரட்டும். நெருக்கடியில் அவரை மீறி முடிவெடுக்க வேண்டி வந்தாலும், அது அவரே எழுதித் தந்த முடிவாக இருக்கும்.

தற்கொலை பற்றிய பேச்சை ஒருபோதும் தட்டிக்கழிக்காதீர்கள். இந்த நோய் உள்ளவர்களில் சுமார் 5 சதவீதம் பேர் தற்கொலையால் இறக்கிறார்கள். நோயின் தொடக்க ஆண்டுகளும் மருத்துவமனையிலிருந்து வந்த முதல் வாரங்களும் ஆபத்தானவை. குரல் அடங்கி, நடந்ததெல்லாம் புரியத் தொடங்கும்போது வரும் சோர்வும் அப்படித்தான். "செத்துடலாம்னு தோணுதா?" என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால் தனியே விடாமல், அன்றே சிகிச்சைக்குக் கூட்டிப் போங்கள்.

இன்னொன்று. இந்த நோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லை, தாக்கப்படுவதுதான் அதிகம். ஆனாலும் உச்சத்தில் ஒருவர் கொந்தளித்தால், அவருக்கும் கதவுக்கும் நடுவில் நிற்காதீர்கள், தொடாதீர்கள், குரலைத் தாழ்த்துங்கள், மற்றவர்களை வெளியே அனுப்புங்கள்.

வெளியே போவது

இங்கே அவசரம் வேண்டாம், தேக்கமும் வேண்டாம். வீட்டுக்குள் ஒரு வேலையிலிருந்து தொடங்குங்கள், அது உண்மையில் வீட்டுக்குத் தேவைப்படும் வேலையாக இருக்க வேண்டும். அவரைச் சும்மா பிசியாக வைக்கக் கொடுத்த வேலை என்றால் அவருக்கே தெரியும். செடிக்குத் தண்ணீர், கடைக்குப் போய் வருவது, ஏதோ ஒன்று. ஒரு மாதம் நிலைத்த பிறகு இன்னொன்று சேர்க்கலாம். பத்து நாள் செய்து பதினொன்றாம் நாள் விட்டால் பழையபடி கீழே இறங்கித் தொடங்குங்கள், சொற்பொழிவு வேண்டாம்.

யாரிடம் சொல்வது என்ற கேள்வி வரும். அது அவருடைய செய்தி, ஆகவே அவர் முடிவு செய்யட்டும். எல்லோரிடமும் மறைக்கவும் வேண்டாம், எல்லோரிடமும் விளக்கவும் வேண்டாம். வீட்டுக்கு வந்து போகும் ஓரிருவருக்குத் தெரிந்திருந்தால் நல்லது. மற்றவர்களுக்கு "உடம்பு சரியில்லாம இருந்தேன், இப்போ தேறிட்டு வரேன்" போன்ற ஒற்றை வரியை முன்கூட்டியே சொல்லிப் பழகி வைத்தால் தெருவில் திணற வேண்டாம். பழைய நண்பர்களில் ஒருவரையாவது மீட்கப் பாருங்கள். அரை மணி நேரம், ஏதாவது செய்துகொண்டே இருக்கும் சந்திப்பு நல்லது. எதிரெதிரே உட்கார்ந்து பேசியே ஆக வேண்டிய சந்திப்பு அவருக்குப் பாரம்.

வேலை பற்றி ஒரு பழைய எண்ணம் உண்டு: முழுதாகக் குணமாகட்டும், பயிற்சி எடுக்கட்டும், பிறகு வேலை. ராபர்ட் டிரேக், டெபோரா பெக்கர் இருவரும் அமெரிக்காவில் உருவாக்கிய ஐபிஎஸ் (Individual Placement and Support) என்ற வேலை உதவி முறை இதைத் திருப்பிப் போட்டது. வேலை செய்ய விரும்புகிறாரா, முதலில் அவர் விரும்பும் சாதாரண வேலையைத் தேடு, சேர்ந்த பிறகு கூடவே இருந்து உதவு. ஆய்வுகளில் இது நீண்ட பயிற்சி முறைகளைவிடத் தொடர்ந்து முன்னால் நிற்கிறது. உங்கள் இடத்தில் அந்தச் சேவை இல்லாவிட்டாலும் அதன் சாரத்தை எடுத்துக்கொள்ளலாம்: அவர் கேட்ட வேலை, குறைந்த மணி நேரம், முடிந்தால் பிற்பகல் நேரம் (காலையில் மருந்தின் மந்தம் இருக்கும்), வேலைக்குப் பிறகு பேசிக்கொள்ள ஒரு ஆள். 1948இல் நியூயார்க்கில் தொடங்கிய ஃபவுண்டன் ஹவுஸ் இன்னொரு வழியைக் காட்டியது. அங்கே வருபவர்கள் உறுப்பினர்கள்; அந்த இடத்தை நடத்தும் வேலையில் அவர்களுக்கும் பங்கு உண்டு. அதைப் பின்பற்றிய கிளப்ஹவுஸ்கள் பல நாடுகளில் இருக்கின்றன.

எவ்வளவு தூரம் போக முடியும் என்று கேட்பவர்களுக்கு: அமெரிக்காவின் வெர்மான்ட் மாநில மனநல மருத்துவமனையிலிருந்து வெளியே வந்தவர்களைச் சுமார் முப்பது ஆண்டுகள் கழித்துத் தேடிப் பார்த்து, கோர்ட்னி ஹார்டிங் 1987இல் வெளியிட்ட ஆய்வில், பாதிக்கும் மேற்பட்டவர்கள் கணிசமாகத் தேறியோ குணமாகியோ இருந்தார்கள். அவர்கள் ஒரு காலத்தில் அந்த மருத்துவமனையின் பின்பகுதி வார்டுகளில் நம்பிக்கை இல்லை என்று கருதப்பட்டவர்கள். ஆறு மாதத்தில் தெரிவதை வைத்து ஆயுளுக்கும் தீர்ப்பு எழுத வேண்டாம்.

பணம், உடன்பிறந்தவர்கள், ஒரு கோப்பு

பணத்தை முழுதாகப் பிடுங்கி வைப்பதும் முழுதாக விடுவதும் தொல்லை. வாரத்துக்கு ஒரு தொகை அவர் கையில், கணக்குக் கேட்காமல். பெரிய செலவுகளுக்கு இருவர் கையெழுத்து என்று அவரோடு பேசி வைத்துக்கொள்ளலாம்.

கவனித்துக்கொள்ளும் வேலை பெரும்பாலும் ஒரே ஆள் தலையில் விழுகிறது. வாரத்தில் ஒரு நாள் அந்த ஆளுக்கு முழு ஓய்வு என்று குடும்பமாக முடிவு செய்யுங்கள், யார் பொறுப்பு என்று பெயர் போட்டு. இதே நிலையில் உள்ள பிற குடும்பங்களின் கூட்டம் கிடைத்தால் போங்கள். டாக்டர் சொல்லாத பல நடைமுறை விஷயங்கள் அங்கேதான் கிடைக்கும்.

அண்ணன், அக்கா, தங்கைகளைக் குழந்தை என்றோ படிக்கிறார்கள் என்றோ ஒதுக்கி வைக்காதீர்கள். தங்களுக்கும் வருமோ என்ற பயம் அவர்களுக்குள் இருக்கும், கேட்கமாட்டார்கள். உடன்பிறந்தவருக்கு வரும் வாய்ப்பு பொதுவான அளவைவிட அதிகம்தான், ஆனாலும் பத்தில் ஒருவருக்கும் குறைவாகத்தான் வருகிறது என்று சொல்லிவிடுங்கள். பெற்றோருக்குப் பிறகு கூட இருக்கப் போவது அவர்களாக இருக்கலாம். ஆகவே ஒரு கோப்பு போடுங்கள்: இதுவரை எடுத்த மருந்துகள், அளவு, எது ஏன் நிறுத்தப்பட்டது, டாக்டர்களின் பெயர்கள், சேர்ந்து எழுதிய அந்த அறிகுறித் தாள், வங்கி விவரம். அது எங்கே இருக்கிறது என்று அவருக்கும் இன்னும் இருவருக்கும் தெரிந்திருக்கட்டும். மருந்து மாறும் ஒவ்வொரு முறையும் தேதி போட்டு ஒரு வரி சேர்த்துக்கொண்டே வாருங்கள்.